மாட்டுக்கறிக்குப் பட்டம் கொடுத்த ராஜா

"அந்தக் கறியத் தின்னதும் ராஜாவுக்குத் தலகால் புரியல. வாளை உருவி, 'எழுந்திரு, சர் லாயின்!'னு அதுக்கு 'சர்' பட்டமே குடுத்துட்டார். அதான் சர்லாயின்னு பேரு."

சனிக்கிழமை. பர்ன்லி ஊரில் கறிக்கடைக்காரர் வில்ஃப் ஆக்ராய்ட் கதை சொல்லிக்கொண்டிருக்க, வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மகள் ஹெட்டி ஓரமாக நின்று பல்லைக் கடித்தாள். அகராதி அலுவலகத்தில் சொற்களின் பூர்வீகம் தேடுவது அவள் வேலை. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. எப்போது வாயை மூடவேண்டும் என்று எந்தப் பேராசிரியரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"அளக்காதீங்கப்பா! ராஜாவும் இல்ல, வாளும் இல்ல. அது பிரெஞ்சுக்காரன் வார்த்தை. 'சுர்'னா மேல. 'லோஞ்ச்'னா இடுப்பு. அதுக்கும் முன்னாடி லத்தீன்ல 'லும்புஸ்'. இடுப்புக்கு மேல வெட்டுற கறி, அவ்வளவுதான்."

"வில்ஃப், உன் பொண்ணு உன்னையே துண்டு போட்டுட்டாளே!" என்றது ஒரு குரல். கடை சிரித்தது.

வில்ஃப் முதுகைக் காட்டிக்கொண்டு எலும்பை வெட்டினார். காது மடல் சிவந்திருந்தது.

ஹெட்டிக்குச் சுருக்கென்றது. அவளைப் படிக்க வைக்க விரல் மரத்துப்போக உழைத்த மனிதர். அவர் கடையிலேயே அவரை அவமானப்படுத்திவிட்டாள்.

"பெரிய பண்டிதருங்களே இதை நம்பியிருக்காங்கப்பா."

"அப்ப நானும் பண்டிதனா?"

"இல்ல, அவங்களும் உங்கள மாதிரியே ஏமாந்தாங்கன்னு..."

சிரிப்பு இன்னும் பலத்தது. வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவள் அழுதாள். ஒரு வார்த்தையின் ஆயிரம் வருடத்தைத் தோண்டத் தெரிந்தவளுக்கு, பெற்ற அப்பாவிடம் ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியவில்லை.

அடுத்த முறை வந்தபோது தீர்மானத்தோடு வந்தாள். அதே வரிசை, அதே ராஜா, அதே வாள். கதையை முடித்து வில்ஃப் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன ஹெட்டி, சரிதானே?"

"சரிதான்பா. ஆபீஸ்ல மறுபடி பாத்தோம். நான் சொன்னதுதான் தப்பு. ராஜா கதைதான் நிஜம்."

வில்ஃபின் முகம் செத்துவிட்டது. கத்தியை வைத்தார். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரிசையில் முதலில் நின்ற மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? மத்த நாள்ல பிரெஞ்சு, லத்தீன்னு உன் பாடத்தை ஒப்பிக்காம அவரு கறியே வெட்ட மாட்டாரு. ராஜா கதைய நீ வர்ற அன்னைக்கு மட்டும்தான்டி எடுப்பாரு, நீ திருத்துறத நாங்க கேக்கணுமேன்னு!"