மூன்று பச்சைச் சட்டைகள்

பிள்ளைகளோடு பயணம் போவதை எளிதாக்க ஓர் அருமையான வழி கண்டுபிடித்தவன் நான். ஒரே ஒருமுறைதான் செய்து பார்த்தேன். அதற்குள்ளேயே ஒரு பிள்ளை மாறிப் போய்விட்டது.

அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை. முப்பது வயதில் மூன்று பையன்கள்: பாபு, குமார், சேகர். மூவரையும் பஸ்ஸில் கூட்டிப்போவதைவிட எங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டையைப் பெயர்த்து முதுகில் சுமந்து போவது சுலபம். ஒருவனைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் இன்னொருவன் ஜன்னலில் பாதி வெளியே இருப்பான்.

பனமலைக் கோயிலில் மூவருக்கும் மொட்டை போடுவதாக என் மனைவி சரோஜா வேண்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும் முன் என் மூளை வேலை செய்தது (அபூர்வம்தான்). கடையில் லேசில் விலைபோகாத கிளிப்பச்சைத் துணியில் மூவருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்தேன். கும்பலில் முகம் தேட வேண்டாம். பச்சையை எண்ணினால் போதும்.

"பெத்த புள்ளைய துணிய வெச்சா அடையாளம் கண்டுபுடிப்பாங்க?" என்றாள் சரோஜா.

"உனக்கு இன்னா தெரியும்? இது பிளான்," என்றேன்.

மொட்டை, சந்தனம், ஏரிக்கரையில் புளிசோறு எல்லாம் நன்றாகவே முடிந்தன. திரும்பும் பஸ் வந்ததும் கும்பல் பாய்ந்தது. சரோஜா கூஜாவோடு முன்பக்கம் ஏறினாள். நான் பின்பக்கமாக ஒரு பச்சை, இரண்டு பச்சை, மூன்று பச்சை என்று தூக்கிப் போட்டேன்.

"இன்னா சார், பேண்டு செட்டா?" என்றார் கண்டக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சரோஜா திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, நடுவுல குந்தினு இருக்கறது யாரு?"

"நம்ம சேகரு. மொட்ட அடிச்சா ஜாடை மாறத்தான் செய்யும்."

"மாறட்டும். காதுல கடுக்கன் எப்பிடி மொளச்சிது?"

பையனைப் பார்த்தேன். "உம் பேரு இன்னாடா?"

"ஏழுமல."

"உங்க நைனா எங்க?"

"கோயிலாண்ட கீறாரு," என்றான், எங்கள் முறுக்கைக் கடித்தபடி.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பச்சைத் துணியை நான் வாயால் வித்தை காட்டி வல்லத்துக்காரர் ஒருவர் தலையிலும் கட்டியிருந்தேன்.

பஸ்ஸை நிறுத்தி இறங்கினோம். சரோஜாவையும் மற்ற இருவரையும் புளியமரத்தடியில் விட்டுவிட்டு, ஏழுமலையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் ஏரி ஞாபகம் வந்தது. சேகருக்கு நான்கு வயது. தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பறந்தேன். ஏழுமலை மட்டும் என் தலையைத் தட்டி, "இன்னும் வேகமா!" என்றான்.

எதிரே ஒரு மனிதர் ஓடி வந்தார். அவர் தோளிலும் ஒரு பச்சைச் சட்டை.

நடுரோட்டில் மூச்சிரைக்க நின்று பிள்ளைகளை மாற்றிக்கொண்டோம். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, மொதலாளியா! சாயம் போவாதுன்னு சொல்லித்தானே வித்த? புள்ள போவும்னு சொல்லலியே!"

சேகர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தான். "நைனா, என்ன உட்டுட்டு அவன ஏன் தூக்கினு போன?"

அவனைக் கட்டிக்கொண்டு நடுரோட்டிலேயே அழுதேன். (வேர்வை என்றுதான் சரோஜாவிடம் சொன்னேன்.)

இருபது வருஷம் கழித்து சேகருக்குக் கல்யாணம். கையைப் பிடித்து நான் அவனை மணவறைக்கு அழைத்து வந்தபோது, சரோஜா பந்தலே கேட்கும்படி, "ஏங்க, நம்ம புள்ளையத்தானே இட்டாந்தீங்க?" என்றாள். எங்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. விஷயம் தெரியாத சம்பந்தி மட்டும் கலவரமாக எழுந்து வந்து, மாப்பிள்ளையின் முகத்தை ஒருமுறை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.