கையிருப்புச் சோதனை

“இந்த மெஷினை கடைசியா யாரு செக் பண்ணினாங்க?” என்று தராசம்மா கேட்டதும், ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் திருதிருவென்று விழித்தாள்.

“ரிப்போர்ட்ல ஏதாவது தப்பா மேடம்?”

“தப்பா சரியான்னு தெரியாமத்தானே கேக்கறேன். முத்திரை எங்க?”

“என்ன முத்திரை?”

தராசம்மாவுக்கு அந்த ஒரு பதிலே போதுமானதாக இருந்தது. அவள் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் கடைக்காரர் முகத்தில் ஈயாடாமல் செய்வதும் அவள் உத்தியோகம். அவள் தெருமுனையில் திரும்பினாலே தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்கள் தாமாகக் கழன்று விழுந்துவிடும் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். தராசம்மா என்பது வியாபாரிகள் வைத்த பெயர். வீட்டில் கணவனும், கோபம் வந்தால், அப்படித்தான் கூப்பிடுவான்.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லையே என்று லேடி டாக்டரிடம் போனபோது, எதற்கும் பார்த்துவிடலாம் என்று அவர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் சோதனை அது. சினைப்பையில் முட்டைகளின் கையிருப்பு எவ்வளவு என்று ரத்தத்தை வைத்தே சொல்லிவிடுமாம். சொல்லியும்விட்டது. ஒன்றுக்கும் கீழே ஓர் எண். பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’.

அந்த வார்த்தையை அவள் எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து கணவனிடம் தாளை நீட்டினாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பதறாமல் திருகிப் பார்க்கிற ஆள்.

“முப்பத்திநாலு வயசுல கையிருப்பு தீந்து போச்சாம்ங்க.”

“தீந்து போச்சுன்னு எங்க இருக்கு? குறைவுன்னுதானே போட்டிருக்கு?”

“கடையில சர்க்கரை குறைவா இருக்குன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு வராதீங்கன்னு அர்த்தம்.”

அவன் தலையைச் சொறிந்தான். “சரி, ஒரு தராசு மேல உனக்குச் சந்தேகம் வந்தா என்ன பண்ணுவே?”

“இன்னொரு தராசுல போட்டுப் பார்ப்பேன்.”

“அவ்வளவுதானே? நாளைக்கே போவோம்.”

பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்து அவன் நிம்மதியாகக் காபி குடித்தான். பாவம்.

இரண்டாவது பரிசோதனைக்கூடம் கொடுத்த எண், முதல் எண்ணைப் போல இரண்டு மடங்கு. கணவன் குதித்தான். தராசம்மாவின் முகம் மட்டும் மேலும் இறுகியது.

“ரெண்டுல ஒருத்தன் பொய் சொல்றான்.”

“நல்லது சொல்றவனை நம்பிடலாமே?”

“எல்லாக் கள்ளத் தராசும் நல்லதைத்தாங்க சொல்லும்.”

ஆக, பஞ்சாயத்துக்கு மூன்றாவது ஒன்று தேவைப்பட்டது. அதற்குள் கவலையில் அவள் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. இதைக் கேள்விப்பட்டு அவளுடைய அக்கா வந்து சேர்ந்தாள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். நாற்பத்தைந்தை நெருங்கியும், விசில் ஊதினால் தெருவே அணிவகுத்து நிற்கும். இரண்டு மகன்களும் வாசல் நிலையில் இடித்துக்கொள்கிற உயரத்துக்கு வளர்ந்துவிட்டார்கள்.

“இந்தா, இந்த மாத்திரையைப் போடு. முடி, நகம், தோல் எல்லாத்துக்கும் நல்லதாம். எங்க ஸ்கூல்ல பாதிப் பேர் இதைத்தான் முழுங்கறாங்க.”

தராசம்மா முழுங்கினாள். ஒரு வேளைக்கு ஒன்று என்றிருந்ததை, சீக்கிரம் வளரட்டுமே என்று இரண்டாக. அப்படியே மூன்றாவது இடத்துக்குப் போய், எல்லாச் சோதனையும் சேர்த்துச் செய்கிற பெரிய பேக்கேஜுக்கே ரத்தம் கொடுத்தாள்.

முடிவு வந்தபோது கணவன்தான் படித்தான். படிக்கப் படிக்க அவன் குரல் தேய்ந்தது.

“முட்டை கையிருப்பு அடிமட்டமாம். தைராய்டு தலைதெறிக்க ஓடுதாம். இன்னொரு ஹார்மோன் கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்குதாம்.” நிமிர்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தான். “இந்தப் பேப்பர்படி நீ இந்நேரம் வேர்த்து விறுவிறுத்து எலும்பும் தோலுமா இருக்கணும்மா.”

அதுவரை அவளுக்கு ஒன்றும் இல்லை. அவன் சொன்ன பிறகு வேர்த்தது. சாயங்காலத்துக்குள் படபடப்பும் வந்துவிட்டது. அலறியடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள்.

லேடி டாக்டர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். “வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?”

“இல்லை டாக்டர். முடிக்கு மட்டும் ஒண்ணு...”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதுல இருக்கிற வைட்டமின் சில மெஷின்களை ஏமாத்திடும்மா. தட்டுல யாரோ விரலை வச்சு அழுத்தின மாதிரி. அதை நிறுத்திட்டுக் கொஞ்ச நாள் கழிச்சு எடுத்தா தைராய்டு எல்லாம் ஒழுங்கா வந்துடும்.”

“முட்டை கையிருப்பு, டாக்டர்?”

“அதுவும் லேபுக்கு லேப் கூடக் குறைய மாறும். ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. நம்பர் சரியாவே வந்தாலும், உள்ளே ஏறக்குறைய எவ்வளவு இருக்குன்னுதான் அது சொல்லும். அதுல ஒண்ணு குழந்தையா நிக்குமா நிக்காதான்னு சொல்லாது.”

“அப்ப எதுக்கு டாக்டர் எடுக்கச் சொன்னீங்க?”

“ஊசி போட்டு முட்டை எடுக்கிற வைத்தியம் தேவைப்பட்டா, எத்தனை கிடைக்கும்னு கணிக்க உதவும். அவ்வளவுதான் அதோட வேலை. ஜோசியம் சொல்ல அதுக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒரு ஸ்கேனும் பார்ப்போம்.”

தராசம்மாவின் காதில் ‘ஏமாத்திடும்’ என்பதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே அவளுக்கு யோசனை பிறந்துவிட்டது. சந்தேகமான தராசில் எதை வைத்துப் பார்ப்பது? எடை தெரிந்த படிக்கல்லை.

படிக்கல் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

“அக்கா, உனக்கு மாசா மாசம் வர்றது நின்னு போச்சுன்னு சொன்னியே?”

“ஆமாண்டி, மூணு மாசமா தலையே காட்டலை. கடையைச் சாத்தியாச்சு. நிம்மதி.”

“உன் ரத்தம் வேணும்.”

“பொறந்ததுலேர்ந்து அதைத்தானே குடிச்சிட்டிருக்கே. இப்ப என்ன புதுசா கேட்டு வாங்கறே?”

“விளையாடாதே. உனக்குப் பூஜ்யம்தான் வரணும். வந்தா மெஷின் யோக்கியம். வரலைன்னா, அவங்களை நான் சும்மா விடமாட்டேன்.”

மாத்திரையை நிறுத்தி, டாக்டர் சொன்ன நாள் கழித்து, அக்காளும் தங்கையும் மறுபடி அதே மூன்றாவது இடத்துக்குப் போனார்கள். அக்கா உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி இது, தரை துடைக்கிற மருந்து இப்படிக் குடலைப் புரட்டுது?”

“எனக்கு ஒண்ணும் வரலையே.”

“உனக்குக் கவலையில மூக்கே அடைச்சுப் போச்சு.”

மறுநாள் இரண்டு முடிவுகளும் வந்தன. அக்காவின் தாளில், மெஷினால் அளக்க முடிகிற அளவுக்கும் கீழே என்று இருந்தது.

“பூஜ்யம்!” என்று அக்கா விசில் ஊதாத குறையாகக் கத்தினாள். “என் வாழ்க்கையிலேயே நான் நினைச்ச மார்க் வந்த ஒரே பரீட்சை இதுதாண்டி!”

தங்கை சிரிக்கவில்லை. அவள் தாளில், ஒன்றுக்குக் கீழே, ஏறக்குறைய முதலில் வந்த அதே எண். படிக்கல்லை வைத்துத் தானே சோதித்துவிட்டாள். மெஷின் யோக்கியம். இனி யாரோடு சண்டை போடுவது?

அடுத்த நாள் கடைத்தெருவுக்குப் போனவள் ஒருவரையும் அதட்டவில்லை. காய்கறிக்காரர் தராசு முள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்து, “சரி பண்ணிக்குங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அதைக் கண்டுதான் கடைத்தெருவே கலங்கிப்போனது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லி, அன்றைக்கு எல்லோருமே சரியாக நிறுத்துக் கொடுத்தார்களாம்.

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் கணவன் வந்து உட்கார்ந்தான்.

“லிஃப்ட் சுத்தமா நின்னு போன கட்டடத்துலகூட ஆளுங்க மேல போயிருக்காங்கம்மா.”

“எப்படி?”

“படியேறித்தான். கொஞ்சம் மூச்சு வாங்கும். நானும் கூட வரேன்.”

அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாலு வருஷத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

ஸ்கேன் அன்று கணவனுக்கு எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் சிக்கிக்கொண்டதால், துணைக்கு அக்கா வந்தாள். வந்தவள் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. லேடி டாக்டர் அவளைப் பிடித்து உட்காரவைத்து நாடி பார்த்தார்.

“ஒண்ணுமில்லை டாக்டர். பித்தம். வயசாகுதில்ல, மூணு மாசமா நின்னும் போச்சு. வயிறும் கொஞ்சம் உப்பிக் கிடக்கு.”

“மூணு மாசமா நின்னிருக்குன்னும் சொல்றீங்க. கட்டி ஏதாவது இருக்கான்னு உங்களுக்கும் ஸ்கேன் பார்த்துடுவோம்.”

கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முதலில் தராசம்மாவின் முறை. அறை மங்கலாக இருந்தது. குறைவு என்பதை இன்னொரு முறை கேட்கத் தயாராக அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“கண்ணைத் திறந்து பாருங்க,” என்றார் ஸ்கேன் டாக்டர். “இந்தக் கறுப்பு வட்டம் தெரியுதா? இது ஒரு முட்டை இருக்கிற பை. இதோ இன்னொண்ணு. அந்தப் பக்கம் ரெண்டு.”

“இவ்வளவுதானா?”

“நிறைய இல்லை. ஆனா இருக்கு. ஒரு குழந்தைக்கு ஒரு முட்டை போதும். இன்னொண்ணு தெரியுமா? இதெல்லாம் இப்ப வந்ததில்லை. நீங்க உங்க அம்மா வயித்துல இருந்தப்பவே, பொறக்கறதுக்கு முன்னாடியே, உங்களுக்குள்ள வந்தாச்சு.”

தராசம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நடக்கப் பழகியபோதும், பரீட்சை எழுதியபோதும், வெயிலில் கடை கடையாக அலைந்தபோதும், இவை சத்தமில்லாமல் கூடவே வந்திருக்கின்றன. ஒரு தாளிலிருந்த எண்ணைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறாள்; இவற்றைப் பார்க்கவே இல்லை. கடுகளவு கறுப்பு வட்டங்கள். அவளுக்கு மரியாதையாக எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து அக்கா படுத்தாள். துடைக்கிற துணியோடு நின்றிருந்த ஆயாவிடம், பயத்தை மறைக்க, வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினாள்.

“அவளுக்காவது ஒரு நம்பர் வந்துச்சு ஆயா. என்னோடது சுத்தப் பூஜ்யம். உள்ளே பார்க்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது.”

ஸ்கேன் டாக்டர் கருவியை வயிற்றில் வைத்தார். நகர்த்தினார். சட்டென்று நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

“என்ன டாக்டர்?” என்றாள் தராசம்மா. அவள் கை தானாகப் போய் அக்காவின் பாதத்தை இறுகப் பற்றிக்கொண்டது. கடவுளே, எனக்கு ஒன்றும் வேண்டாம், இவளுக்கு எதுவும் ஆகக் கூடாது என்று மனசுக்குள் மன்றாடினாள்.

டாக்டர் திரையை அவர்கள் பக்கம் மெல்லத் திருப்பினார். கறுப்பின் நடுவே வெளிறிய ஏதோ ஒன்று அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. ஆயாதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

“டீச்சர், உங்க பூஜ்யம் கையை ஆட்டுது பாருங்க!”