கட்டற்ற மென்பொருளும் கட்டிக்கொண்ட நானும்

மாலையில் ஒரு மணி நேரமாவது வீட்டில் அமைதி வேண்டும் என்று முடிவெடுத்தேன். பெரிய ஆசை இல்லை. ஆபீஸிலிருந்து அலுத்துப்போய் வருகிறவன் கேட்கக்கூடியதுதான்.

நான் வீட்டுக்குள் நுழையும் நேரத்தில்தான் என் மனைவி தன் அக்காவோடு வீடியோவில் பேசுவாள். அக்கா கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துபவர். பேச்சு மட்டும் என்னைப் பற்றி.

எங்கள் கம்பெனி கம்ப்யூட்டர் விற்கிறது. உள்ளே இருப்பது யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். மேலே எங்கள் பூட்டு. நாங்கள் அனுமதித்ததைத் தவிர அதில் எதுவும் ஓடாது. அப்படி ஒன்றை வாங்கி, மாலையானால் வீடியோ பேச்சு நின்றுபோகும்படி செய்து, மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான், காரணம் வேறு.

சில நாள் அமைதியாகப் போயின.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். மருந்து அட்டையின் பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள். மென்பொருளோடு வந்த உரிமத்தை முழுதாகப் படித்துவிட்டாள். எங்கள் கம்பெனியில் அதைப் படித்தவர் ஒருவரும் இல்லை, முதலாளி உட்பட.

“இந்த மென்பொருளைப் போட்டு ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் குடுத்தா, அதை எழுதின மூல நிரலையும் குடுக்கணுமாமே?”

“கேட்டா குடுக்கணும்.”

“அதை மாத்தி இதுலயே ஓட்டுறதுக்குச் சாவியும் குடுக்கணுமாம்.”

“அதெல்லாம் வெளியாளுக்கும்மா. இது நம்ம வீட்டு கம்ப்யூட்டர்.”

“அப்போ எனக்குக் குடுக்கலையா? இது உங்களோடதா?”

குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என்னுடையது என்றால் பிறந்தநாள் பரிசைப் பிடுங்கியவன் ஆவேன். அவளுடையது என்றால் சாவி போய்விடும்.

சாவியைக் கொடுத்தேன். மென்பொருள்தான் கட்டற்றது. நான் கட்டிக்கொண்டவன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நேரிலேயே வந்துவிட்டார். இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் டீ போட்டேன். மறுநாள் முதல் வீடியோ பேச்சு நிற்கவே இல்லை. அவர்கள் பேசி முடித்த பிறகு, அலுப்பு தீரச் சீட்டு விளையாடலாம் என்று அதைத் திறந்தேன். ‘முதலில் பாத்திரம்’ என்று திரையில் எழுத்து வந்தது. என் சாவியைப் போட்டுப் பார்த்தேன். பூட்டையே மாற்றியிருந்தார்கள்.

“புதுச் சாவியை எனக்கும் குடேன்,” என்றேன். “உரிமத்துல அப்படித்தானே இருக்கு?”

“கம்ப்யூட்டரைக் குடுத்தாத்தாங்க சாவி குடுக்கணும்,” என்றாள், என் பின்னாலிருந்து திரையைப் பார்த்தபடி. “உங்களுக்கு நான் எதையும் குடுக்கலையே. சும்மா உக்கார விட்டிருக்கேன்.”