முதுகு வலிக்கு ஒரு தலையில்லாத வீரன்

மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியமாவது செய்துவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. தாமதம்தான். சிலருக்குத் துணிச்சல் கூடவே பிறக்கும். எனக்குக் கூரியரில் வந்தது.

வந்த பெட்டியில் இரண்டு புத்தகங்கள். இரண்டும் செங்கல் கனம். அவற்றைப் பற்றிச் சொல்வதற்கு முன் ‘சாம்பல் சாம்ராஜ்யம்’ என்கிற வீடியோ கேமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சூரியன் செத்துப்போன நாடு. எங்கு பார்த்தாலும் இருட்டு, எலும்பு, ஊளை. அதில் தலையில்லாத வீரன் ஒருவன் தன் தலையைத் தேடி அலைகிறான். நானும் ஒரு குடும்பத்தின் தலைவன் என்பதால் அவன் கஷ்டம் எனக்குச் சட்டென்று புரிந்தது. கேம் முடிகிற இடத்தில் பெரிய இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் அவன் போய் நிற்பான். கதவு திறக்காது. அத்தோடு சரி. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு படக்கதையாகப் போட்டார்கள். துண்டு துண்டாக வந்ததையெல்லாம் சேர்த்து இப்போது மூன்று தடித்த தொகுதிகள். எனக்கு வந்தது இரண்டாவதும் மூன்றாவதும்.

முதல் தொகுதி முன்பே வீட்டில் இருந்தது. வம்பே அதனால்தான்.

என் மனைவியின் தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து அந்தச் சாம்ராஜ்யத்தைச் சல்லடை போட்டுத் தேடுவோம். அவன் வெட்டுவான், நான் வழி பார்ப்பேன். அப்படிப்பட்டவன் முதல் தொகுதியை இரவல் வாங்கிப் போய், மேலட்டையில் இருந்த ராணியின் முகத்தில் டீ டம்ளரை வைத்து வட்டமாக ஒரு கறையோடு திருப்பிக் கொடுத்தான். நான் கத்தினேன். “ஒரு பொம்மைப் புஸ்தகத்துக்கா அத்தான்?” என்றான். பொம்மைப் புஸ்தகம் என்ற சொல்தான் என்னைச் சுட்டது. இனிமேல் என் வீட்டுக்கு எதையும் இரவல் கேட்டு வராதே என்று சொன்னேன். அவன் ‘எதையும் இரவல் கேட்டு’ என்பதை என்னிடமே விட்டுவிட்டு, ‘வராதே’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போக வேண்டிய நாளில், லிப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள், நான் போயே ஆக வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். லிப்ட் மெக்கானிக்கான எனக்குக் கடவுள் கொடுத்த சாக்கு அது. அவள் தனியாகப் போய் வந்தாள். குழந்தை விரலைப் பிடித்தால் விடுவதில்லை, கண் அப்படியே தம்பிக்கு, சிரித்தால் கன்னத்தில் குழி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்னிடம் அல்ல, சுவரிடம். கடைசியில் என் பக்கம் திரும்பி, அந்த மாதிரிப் புத்தகம் இன்னொன்று இந்த வீட்டு வாசல் ஏறக் கூடாது என்றாள். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பல் கட்டுகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினால் எதிர்த்துப் பேச முடியாது.

ஆக, வந்த புத்தகங்களை ஒளிக்க வேண்டும். மூன்றாவதை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் செருகினேன். இரண்டாவதை எப்படிப் படிப்பது? அலமாரியில் ‘முதுகு வலியை வெல்லுங்கள்’ என்று ஒரு தடித்த புத்தகம் இருந்தது. அதன் மேலட்டையைக் கழற்றி என் வீரனுக்குப் போர்த்தினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஹாலில், எல்லோரும் பார்க்க, கால்மேல் கால் போட்டுப் படித்தேன். துணிச்சல் என்றால் அதுதான்.

என் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே சற்று நேரம் என்னைப் பார்த்தாள்.

“முதுகு வலிக்குதா?”

இல்லை என்றால் ஏன் படிக்கிறாய் என்பாள். “லேசா” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் என் வாழ்க்கை திசை மாறியது. என் தலையணை காணாமல் போனது. மெத்தைக்கு அடியில் பலகை வந்தது. படுத்தால் இல்லாத வலி உண்மையிலேயே வந்துவிடும் போலிருந்தது. என் மேலதிகாரிக்கு அவளே போன் செய்து, கனமானது எதையும் இவர் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஊரையே மேலே தூக்கிக்கொண்டிருந்த என்னை அலுவலகத்தில் உட்காரவைத்து, லிப்ட் நின்றுவிட்டது என்று வருகிற போன்களை எடுக்கச் சொன்னார்கள். சண்டையில் புறமுதுகு காட்டாத வம்சம் என்னுடையது. அந்த முதுகைப் பிசியோதெரபி செய்கிற அம்மாவிடம் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். அவர் என்னைப் பூனை மாதிரி நிற்கச் சொன்னார், பிறகு ஒட்டகம் மாதிரி. வீட்டில் தினமும் அதைச் செய்கிறேனா என்று மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

இத்தனைக்கும் நடுவில் கதையை விடவில்லை. வீரனின் குதிரை சாகிற கட்டம் வந்தது. தலையில்லாத எஜமானனின் தோளில் அது கடைசியாக ஒருமுறை முகத்தை வைக்கிறது. வார்த்தையே இல்லாத ஒரு முழுப் பக்கம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மனைவி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

“அவ்வளவு வலியா?” என்றாள்.

தலையை ஆட்டினேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் வலி இருந்தது. முதுகில் இல்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தைக் காட்ட ஒரே ஒருத்தன்தான் உண்டு, அவனும் வருவதில்லை என்று தோன்றியது.

அடுத்த நாள் மூன்றாவது தொகுதியைத் தேடினேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தூசி மட்டும் இருந்தது. வீடு முழுக்கத் துழாவினேன். எங்கே என்று யாரையும் கேட்க முடியாத பொருள் தொலைவதைப் போலக் கொடுமை கிடையாது. குனிந்து கட்டிலடியில் பார்க்கும்போது மனைவி வந்து, குனியக் கூடாது என்று பூனை அம்மா சொன்னது மறந்துவிட்டதா என்று கேட்டாள்.

வாரக் கடைசியில் அவளுக்குப் பீரோவை இடம் மாற்ற வேண்டியிருந்தது. படுக்கையறையிலிருந்து பக்கத்து அறைக்கு. நான் எழுந்தேன்.

“நீங்க உக்காருங்க. தூக்கக் கூடாது.”

“பின்ன யாரு தூக்குவா?”

“தம்பியை வரச் சொல்லியிருக்கேன்.”

“அவன் எதுக்கு? நானே தூக்கிடுவேன்.”

“அப்போ முதுகு சரியாயிடுச்சா?”

சரியாகிவிட்டது என்றால் அந்தப் புத்தகத்துக்கு இனி என்ன வேலை என்பாள். வலிக்கிறது என்றால் மைத்துனன் வருவான். உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன்.

அவன் வந்தான். கையில் குழந்தை. அவன் மனைவிக்கு அன்று வேலையாம். வாசலிலேயே தயங்கி நின்றான். நான் நிமிராமல் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், குழந்தையை எங்கே விடுவது என்று அவன் அக்காவைக் கேட்டான்.

“உங்க அத்தான் சும்மாதானே இருக்காரு. மடியில விடு. உக்காந்த இடத்துல செய்யற வேலைதான்” என்றாள் என் மனைவி.

விட்டார்கள். அவ்வளவு சின்னது. முதலில் என் மூக்கைப் பார்த்தது. பிறகு என் விரலைப் பிடித்தது. பிடித்தால் விடாது என்று மனைவி சுவரிடம் சொன்னது பொய்யில்லை. நான் அந்த விரலை அப்படியே வைத்துக்கொண்டேன். மறு கையால் அது புத்தகத்தைப் பிடித்தது. மேலட்டை சரசரவென்று கழன்று வந்துவிட்டது. ‘முதுகு வலியை வெல்லுங்கள்’ தரையில் விழ, என் மடியில் தலையில்லாத வீரன் வாளோடு நின்றான். குழந்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் குழி விழச் சிரித்தது. அப்புறம் புத்தகத்தை இழுத்துப் பிரித்து, குதிரை செத்த பக்கத்தின் ஓரத்தை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தது.

பீரோவின் ஒரு முனையைப் பிடித்தபடி மைத்துனன் படுக்கையறை வாசலில் உறைந்துபோய் நின்றான். எச்சில் குதிரையின் காதுவரை இறங்கிவிட்டது. அவன் பீரோவைத் தொப்பென்று வைத்துவிட்டு ஓடிவந்தான்.

“அத்தான், நான் எடுத்துடறேன், மன்னிச்சுக்கங்க…”

“விடு” என்றேன். “பல்லு முளைக்கிற நேரம். கடிக்கட்டும்.”

அவன் என்னையே பார்த்தான். நான் கொஞ்சம் நகர்ந்து சோபாவில் இடம் விட்டேன். உட்கார்ந்தான். பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

“கதவு திறந்துச்சா?”

“இன்னும் இல்ல. மூணாவதுலதான் திறக்கும் போல.”

“அது எங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பீரோவின் மறுபக்கத்திலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “என் பையில இருக்கு. இன்னும் முடிக்கல. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலதான் படிக்க முடியுது.”

இரண்டு பேரும் திரும்பினோம். அவள் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சாவகாசமாக வந்து நின்றாள். முதல் தொகுதியைப் போன மழைக்காலத்திலேயே படித்துவிட்டாளாம். தம்பியும் புருஷனும் எதற்காக முறைத்துக்கொண்டார்கள் என்று பார்க்கத்தான் பிரித்தாளாம், வைக்க முடியவில்லையாம். இரண்டாவதை நான் தூங்கி எழுவதற்குள் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக முடித்திருக்கிறாள்.

அப்படியென்றால் என் முதுகு வலி பொய் என்று எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“முதல் நாளே. முதுகு வலிப் புஸ்தகம் படிக்கிறவங்க யாராவது ‘ஐயோ, ராணி’ன்னு சொல்லுவாங்களா?”

“பின்ன பலகை? பூனை? ஒட்டகம்?”

“தம்பியை வீட்டுக்குக் கூப்பிட ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தேன். நீங்களா வந்து கொடுத்தீங்க. அதை ஏன் வீணாக்கணும்?”

மைத்துனன் சிரித்தான். குழந்தையும் சிரித்தது. வேறு வழியில்லாமல் நானும் சேர்ந்துகொண்டேன். அன்று சாயங்காலம்வரை அவன் போகவில்லை. குதிரைப் பக்கத்தை ஈரத்தோடு பிரித்துக் காட்டினேன். அவனும் என்னைப் போலவே கண்ணைத் துடைத்துக்கொண்டான். புறப்படும்போது, அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பழையபடி கேம் ஆடுகிறோம், இது என் தீர்மானம் என்று குடும்பத் தலைவனாக அறிவித்தேன். என் மனைவி மறுபேச்சில்லாமல் சரி என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குழந்தையோடு வந்தான். நான் சோபாவைத் தட்டி, ஜன்னலைச் சாத்தி, டிவியைப் போட்டு, சாம்ராஜ்யத்தைத் தயார் செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் இடத்தில் என் மனைவி. கையில் என் கன்ட்ரோலர். அவள் பிடித்திருந்த லாகவத்தைப் பார்த்தால் அன்றைக்குத்தான் முதல் தடவை பிடிக்கிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மைத்துனன் என் கண்ணைப் பார்க்காமல், தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை என்னிடம் நீட்டினான்.

“உங்ககிட்டதான் அவ அழாம இருக்கா, கொஞ்சம் அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கங்க, இங்க நாங்க சண்டை போடற சத்தத்துல முழிச்சுக்கப் போறா” என்றாள் என் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.