வெளுத்த மஞ்சள் கரு குறித்து ஒரு வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோம்பையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சுருளிவேல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மனைவி இருளம்மாளும் முப்பத்திரண்டு நாட்டுக்கோழிகளும் உடம்பளவில் நலம். மனசுதான் சரியில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மஞ்சள் மக்காச்சோளம் கிடைக்காமல் வெள்ளை மக்காச்சோளத்தை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டேன். இருபதாம் நாள் ராயப்பன்பட்டியிலிருந்து ஜாய்ஸ் டீச்சர் போன் செய்தார். "அண்ணே, உங்க முட்டையில மஞ்சக்கரு மஞ்சளாவே இல்லண்ணே. பிளாஸ்டிக் முட்டைன்னு பிள்ளைக தொட மாட்டேங்குதுக" என்றார். அவர் சொல்லித்தான் அந்த ஊரில் பன்னிரண்டு வீட்டார் என்னிடம் முட்டை வாங்குகிறார்கள். அந்த நேரத்தில்தான் தங்கள் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. மஞ்சள் மக்காச்சோளத்தில் கண்ணுக்கு நல்லது செய்யும் நிறமிகள் உண்டு, கோழி தின்றால் அவைதான் கருவுக்குப் போகும், வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், அந்த நிறமி இருக்காது என்று போட்டிருந்தீர்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பக்கத்திலேயே ஊதா மக்காச்சோளத்தைப் படத்தோடு போட்டு, நாவல்பழத்தில் உள்ள நிறமி இதிலும் உண்டு, உடம்புக்கு நல்லது என்றும் எழுதிவிட்டீர்கள். மஞ்சள் தின்றால் மஞ்சள் கரு, ஊதா தின்றால் ஊதாக் கரு என்று நினைத்து, விதைக்கு வைத்திருந்த ஒருவரிடம் கெஞ்சி வாங்கிப் போட்டு, தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன். பதினைந்தாம் நாள் பத்துப் பேர் எட்டிப் பார்க்க இருளம்மாள் முட்டையை உடைத்தாள். அதே வெளுத்த கரு. கோழிகளின் அலகு மட்டும் ஊதா. "ஊசி போட்டு வளக்குறாகன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல" என்கிறாள். ஊதா நிறமி தண்ணீரில் கரைவது, கருவில் தங்காது என்று தங்கள் கட்டுரையின் கடைசி வரியில் இருந்ததை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள்.

ஆகவே ஐயா, சுருளிவேல் வீட்டு முட்டையின் கரு வெளுத்திருந்தாலும் அது அசல் முட்டைதான் என்று தங்கள் இதழில் நான்கு வரி போட வேண்டும். அதை வெட்டி எடுத்துக்கொண்டு பன்னிரண்டு வீட்டுக்கும் நானே போவேன்.

தாங்களும் தங்கள் இதழும் எந்தக் குறையுமின்றி நெடுநாள் விளங்க வேண்டும்.

இப்படிக்கு,
மு. சுருளிவேல்

பி.கு.: தபால்தலை வாங்க ஒரு வாரம் ஆகிவிட்டதால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று உடைத்த முட்டையில் கரு செக்கச்செவேலென்று இருக்கிறது. கோழிகள் இந்த ஒரு வாரமும் வேலியில் புகுந்து பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சாண்டியின் செண்டுமல்லியைத் தின்று வந்திருக்கின்றன. அந்தப் பூவிலும் அதே மஞ்சள் நிறமி உண்டாம். ஜாய்ஸ் டீச்சர் இப்போதுதான் போன் செய்தார். "அண்ணே, சாயம் எதுவும் கலக்குறீகளா?" என்கிறார். எனவே 'வெளுத்திருந்தாலும்' என்பதை அடித்துவிட்டு 'சிவந்திருந்தாலும்' என்று போட்டுவிடுங்கள். அசல் என்பது மட்டும் அப்படியே இருக்கட்டும்.