நடு வீட்டு வருமானம்

ஹால்வர் டோலெஃப்சனின் வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே லாயிட் பியெர்க் ஓடிப்போய்த் தன் புது அறுவடை இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடினான்.

"மூடாதடா, பார்த்துட்டேன். போன வருஷ வருமானம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லு."

"ஏதோ ஓடுதுண்ணே. இன்னும் மோசமா இருந்திருக்கலாம்."

"அதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?"

லாயிட் வானத்தைப் பார்த்தான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு, காசு இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வதைவிடச் சர்ச்சில் ஏப்பம் விடுவது தேவலை.

ஹால்வர், ஸ்டோர்லி கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தின் எழுத்தர். ஊரில் இருந்த ஒரே மளிகைக்கடையும் மூடியாகிவிட்டது. ஒரு முட்டைக்கோஸ் வேண்டுமென்றால்கூட ஃபார்கோ நகரம் வரை வண்டி ஓட்ட வேண்டும். அங்கே பெரிய கடை நடத்தும் கம்பெனி இங்கே ஒரு கிளை திறக்கத் தயார்தான். ஆனால் வீடுகளை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால், நட்டநடுவில் நிற்கிற வீட்டின் வருமானம் ஐம்பத்தையாயிரம் டாலராவது இருக்க வேண்டுமாம். அரசாங்க மதிப்பீடு அதற்குக் கொஞ்சம் குறைவு.

"சின்னக் கவுண்டிக்கு அந்த மதிப்பீடு முன்னே பின்னே இருக்கும். நீங்களே ஒழுங்கா ஒரு கணக்கு எடுத்துக் குடுங்க, ஒத்துக்கறேன்" என்றார் கம்பெனி அதிகாரி காரிகன்.

ஹால்வர் சீட்டுக் குலுக்கி வீடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவர் வீடும் அதில் விழுந்தது. ஆனால் போன வாசலில் எல்லாம் "ஏதோ ஓடுது" என்ற பதில்தான்.

சரி, வெட்கப்படுகிறார்கள் என்று, சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பான்கேக் விருந்தில் ஒரு காப்பி டப்பாவை வைத்தார். பெயர் வேண்டாம், தொகையை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றார். பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்று ஆளாளுக்குக் கையால் மறைத்துக்கொண்டு குறைத்து எழுதினார்கள். டப்பாவைத் திறந்தால் கவுண்டியே கஞ்சித்தொட்டி கேட்கிற நிலையில் இருந்தது.

பாதிரியார் எங்கேனின் காலில் விழாத குறையாகக் கேட்டு, வாய்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யவைத்தார். மறுநாள் தொலைபேசி ஓயவில்லை.

"ஹால்வர், மில்ட்ரெட் பேசறேன். உண்மையைச் சொல்லணும்னா, டப்பாவுல போட்டதுல கொஞ்சம் பீத்திக்கிட்டேன். இன்னும் ரெண்டாயிரம் குறைச்சுக்கோ."

நொந்து நூலாகி வீட்டுக்கு வந்தார். மனைவி ஆர்டிஸ், ஜூன்பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரங்களைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமையானால் ஃபார்கோவில் இருக்கும் தங்கைக்குக் கொண்டுபோவது வழக்கம்.

"உன் தங்கச்சி ஒருத்தியா, பட்டாளமா?"

"அவளுக்கு ரொம்பப் பிடிக்குங்க."

"மாவு விக்கிற விலையில... சரி விடு. ஒரு யோசனை ஆர்டிஸ். முதல்ல நம்ம வீட்டு வருமானத்தை ஊர் நடுவுல படிச்சிடப் போறேன். அப்பத்தான் மத்தவங்களுக்குக் கூச்சம் போகும்."

ஆர்டிஸின் முகம் சிவந்தது. "நம்ம வீட்டையா? அதெதுக்குங்க?"

"நம்மகிட்ட என்ன ஒளிவுமறைவு இருக்கு?"

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார். தன் சம்பளம், பள்ளிச் சமையலறையில் ஆர்டிஸின் சம்பளம், ஒரு காசு விடாமல். லாயிட் எழுந்தான். "அண்ணனே சொல்லிட்டாரு, எனக்கென்ன. தார்ப்பாயை எடுத்துடறேன்" என்று உண்மையைச் சொன்னான். பிறகு மில்ட்ரெட், பிறகு எல்லாரும். ஹால்வருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அன்றைக்கே வீடுகளை வரிசைப்படுத்தினார். நட்டநடுவில் நின்றது அவருடைய வீடு. ஐம்பத்தையாயிரத்துக்கு ஐந்நூறு குறைச்சல். அதற்கு அடுத்து மேலே இருந்த லாயிட்டின் வீடு ஐம்பத்தையாயிரத்தைத் தாராளமாகத் தாண்டி நின்றது. ஊரெல்லாம் உண்மை பேசியும், கடைக்குக் குறுக்கே நிற்பது தன் வீடு ஒன்றுதான் என்று தெரிந்ததும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

காரிகன் வந்தார். ஹால்வர் கணக்கை நீட்டினார்.

"ஐந்நூறுதான் சார் குறையுது. மாத்தி எழுத மனசு வரலை."

"நேர்மையான கணக்கு. ஆனா கம்பெனி விதியை நான் மீற முடியாதே" என்று காரிகன் நிஜமாகவே வருந்தினார்.

ஊர்க்காரர்கள் தொங்கிய முகத்தோடு வாசலில் நின்றார்கள். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. ஆர்டிஸ் தயங்கித் தயங்கி ஒரு துண்டு ஜூன்பெர்ரிப் பையை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்கே திரும்பப் போனாள்.

காரிகன் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். அடுப்படிப் பக்கம் பார்த்தார், ஹால்வரைப் பார்த்தார், மறுபடியும் கணக்கைப் பார்த்தார்.

"இது எங்க ஃபார்கோ கடையில மதியத்துக்குள்ள தீர்ந்துபோற பை ஆச்சே! ஏன் சார், மாசாமாசம் உங்க வீட்டம்மாவுக்கு நாங்க அனுப்புற செக்கை எந்தக் கட்டத்துல எழுதினீங்க?"