ஆயுத பூஜைக்கு நறுக்கிய எத்ரோக்

வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பழத்தை நறுக்கியதற்கு இன்றுவரை கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்த வருடம். ஆயுத பூஜைப் பொறுப்பை யாரும் கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டேன் (அப்போது எனக்கு எல்லாம் தெரியும்). பொரி, பூசணி எல்லாம் வாங்கியவள் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டேன். புது இயந்திரத்தைப் பொருத்த இஸ்ரேலிலிருந்து வந்திருந்த தானியேலின் மேஜைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே, நாருக்குள் பொதிந்து, மஞ்சளாக ஒரு முரட்டு எலுமிச்சை. பூஜைக்கென்றே கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, அவருடைய இயந்திரத்துக்கே இருபுறமும் வைத்தேன்.

தானியேல் வந்து பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

அது எலுமிச்சையே இல்லை, எத்ரோக்காம்; நம்ம நார்த்தை வகை. ஐந்து நாளில் வரவிருந்த அவர்களது அறுவடைப் பண்டிகையில், பேரீச்சங்குருத்தோடும் இன்னும் இரண்டு செடிகளின் கிளைகளோடும் சேர்த்துப் பிடித்து வேண்டிக்கொள்ளும் பழம். நுனி உடைந்தாலே ஆகாது. (நான் பிளந்தே விட்டேன்.) "பதிமூன்று வயதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏம்மா, புத்தி உந்தா?" என்று மேனேஜர் தெலுங்கில் பாய்ந்தார். (புத்தி இருக்கிறதா என்றுதான்.) அடுத்தது தமிழில்: "சாரி சொல்லு!"

"சாமிக்குத்தானே வெச்சேன்? குப்பையிலயா போட்டேன்? சாரி எதுக்கு, பழமே தரேன்" என்றேன். வாய் அடங்கவில்லை.

மறுநாளே அவரை நகரிக்கு, எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் இழுத்துப் போனேன். விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நார்த்தை மரம் உண்டு. ஒட்டு மரமா என்று கேட்டார். ஒட்டு என்றால் செல்லாதாம்.

நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) ரோஷம் வந்துவிட்டது. "ஒட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே கொட்ட போட்டு மொளைக்க வெச்சது. சொல்லு அவருக்கு!"

தானியேல் செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இருந்தாலும் தள்ளினார். "ஒன்னப் பொண்ணு பாக்க வந்தவங்க கூட இம்மா நேரம் பாத்துக்கினு இல்லடி" என்றாள் அம்மா. கடைசியில், உச்சாணிக் கிளையில் ஒன்று தேறியது.

பண்டிகையன்று அவர் தங்கியிருந்த விடுதியின் மாடியில், தென்னங்கீற்றுக் கூரைக்கடியில், குருத்தையும் கிளைகளையும் எங்கள் நார்த்தம்பழத்தையும் சேர்த்துப் பிடித்து, நான்கு திசைக்கும் மேலும் கீழும் அசைத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்தது. கண்ணில் தூசு என்று சாதித்தேன். முடிந்ததும் எல்லாவற்றையும் என்னிடம் நீட்டி, "நீயும் பிடி" என்றார்.

"சார், அவ கையில கத்தி கித்தி இருக்குதா பாத்துக்குங்க!" என்று அலறினார், வேடிக்கை பார்க்க வந்திருந்த மேனேஜர்.

இப்போதும் நான் எலுமிச்சம்பழத்தைத் தொட்டால் போதும், தறிச் சத்தத்துக்கு மேல் நைனா கத்துவார்: "யார் சாமிதுன்னு கேட்டுக்கினியாம்மா?"

"நறுக்கினப்புறம் கேக்கறேன், நைனா."